மூன்று திரையும் ஒரு சுவரும்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை காலை ராஜபாளையத்து வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: ரிட்டயர்டு ஹவில்தார் ஆவுடையப்பன், அவர் மனைவி மாரியாத்தாள், மருமகள் நாகஜோதி, அப்புறம் மேஜர். மேஜர் என்பது நாய். வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, ஒரு காது கேட்காது.

வேறு யாரும் இல்லை. நாகஜோதியின் வீட்டுக்காரன் கௌதம்ராஜ் பட்டாளத்தில் இருந்தான். போன மாதம் லீவு முடிந்து அஸ்ஸாமுக்குக் கிளம்பியவனைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு, பிளாட்பாரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பி வந்தவள் அவள்தான்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுடைய வேலை தங்குமா போகுமா என்று தெரிந்துவிடும்.

மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் பேசும் வேலை. ஒரு திரையில் பாலிசி, ஒரு திரையில் ஆஸ்பத்திரி பில், ஒரு திரையில் பேசுகிறவரின் விவரம். அவளிடம் இருந்ததோ ஒரே திரையும், யாரோ கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரும். சுவிட்சைப் போட்டால் பஸ் மேடேறுவது மாதிரி உறுமும். பேசுகிறவர்கள் கேட்பார்கள்: "என்னம்மா, ரைஸ் மில்லுக்குள்ளயா உக்காந்துருக்க?"

போன வாரம் ஒரு பெரியவர் தன் மனைவி கிடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல, அந்த உறுமலில் சரியாகக் கேட்காமல் வேறு ஆஸ்பத்திரியின் பெயரைப் பதிந்துவிட்டாள். அந்த அம்மாளின் ஆபரேஷன் ஒரு ராத்திரி தாமதமானது. டீம் லீடர் பொன்மணி சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ஆடியோ டெஸ்ட். பின்னாடி இரைச்சல் கேட்டா உன் சீட்டு வேற ஆளுக்குப் போயிரும் ஜோதி. இனிமே என்னால தாங்கிப் பேச முடியாது."

சத்தம் இல்லாத புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறேன் என்று நாகஜோதி மாமனாரிடம் சொன்னாள். ஆவுடையப்பன் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார்.

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே "இது வீடா, திருவிழாவா?" என்று கத்துகிற மனுஷன். பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியைத் துடைக்க வந்த மெக்கானிக்கைக் கேட்டோடு விரட்டினார். மேசையை முன்னறைக்கு மாற்றுகிறேன் என்றதற்கும் கூடாது என்றார். அவள் வேலை பார்க்கும் அறைக்கு அடுத்தது பேண்டேஜ் துணிக்கட்டு அடுக்கிய அறை. தறிக்காரர்களிடம் வாங்கி அனுப்பும் சரக்கு. எந்நேரமும் பூட்டியிருக்கும். அந்தப் பக்கம் துணி, இந்தப் பக்கம் இரைச்சல், யாருக்கு என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"இரைச்சல் இருந்தாத்தான் தாயி, வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அதனால் அவள் பொய் சொன்னாள். ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

அண்ணன் சோலைராஜ் பஸ் ஸ்டாண்டில் கூட்டாளியின் ஆம்னி வேனோடு நின்றான். அவன் போலீஸ்காரன். ராஜபாளையம் காவல் நிலையத்தில் ஏட்டு. அன்றைக்குச் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான், ஆனாலும் டீக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

"என்னட்டி, கோயிலுக்கா வந்த?"

"ஆமா. மூணு ஸ்கிரீன் வச்ச சாமி."

கம்ப்யூட்டர் கடைக்காரி வெங்கடேஸ்வரி கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மாறி மாறி ஓடியது.

"ஏட்டி, கோயில் கொடைக்குச் சீரியல் செட் போட்ட மாதிரில்ல இருக்கு!" என்றான் சோலைராஜ். "ரெண்டு ஸ்பீக்கரக் கட்டுனா ஊர்ல வரி பிரிச்சிரலாம்."

நாகஜோதி சிரிக்கவில்லை. குனிந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். உள்ளே ஆறு காற்றாடி ஆறு தினுசாக இரைந்தன.

"இது கத்துதுக்கா. எனக்குச் சத்தமே ஆகாது. போன்ல பேசுறவுக மூச்சு விடுறதும் எனக்குக் கேக்கணும், என் வீட்டுச் சத்தம் அவியளுக்குக் கேக்கக் கூடாது."

வெங்கடேஸ்வரி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதி வத்து," இது வேண்டாம் என்று தன் தெலுங்கில் முனகி விளக்குப் பெட்டியை அணைத்தாள். "மூணு ஸ்கிரீன்னதும் கேம் ஆடுற பிள்ளைன்னு நெனச்சேன். நீ பில்லுதான பாக்கப் போற? தனியா கிராபிக்ஸ் கார்டு எதுக்கு? பிராசஸருக்குள்ளயே படம் காட்டுறது இருக்கு. போர்டுல மூணு ஸ்கிரீன் மாட்ட எடம் இருந்தா ஆச்சு. கார்டு போச்சுன்னா அதோட காத்தாடியும் போச்சு."

"காத்தாடியே இல்லாம வராதா?"

"வரும். கைக்கடக்கமா டப்பா மாதிரி இருக்கும். ஏசி ரூம்னா சரி. நம்ம ஊர்ச் சித்திரை வெயில்ல நாள் பூரா ஓட்டுனா சூடேறிக் கொழகொழன்னு ஆயிரும். ரெண்டு பெரிய காத்தாடி போட்டுக்க. சின்னது ஓடியோடிச் சாகும், பெருசு ஆற அமர நடக்கும். டிஸ்க்கும் சுத்துறது வேண்டாம், எஸ்எஸ்டி போடு. கரகரன்னு அரைக்காது."

கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. விளக்கு, கண்ணாடி, அலங்காரம் ஒன்றும் இல்லை. அரிசி டின்னுக்குக் கறுப்புச் சாயம் அடித்தது போல நின்றது. மூன்று திரையை மாட்டி ஓடவிட்டார்கள். கடையின் மின்விசிறியை அணைக்கச் சொன்னாள் நாகஜோதி. ஷட்டரைப் பாதிக்கு இறக்கச் சொன்னாள். வாங்க வந்த வேறொருவர் முணுமுணுத்ததற்கு "ஷ்" என்றாள். மறுபடி காதை வைத்தாள்.

"ஓடுதாக்கா?"

"ஓடுது."

"பொய் சொல்லாதீக."

"அடியம்மா, ஸ்கிரீனப் பாரு!"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாகஜோதிக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

பில் போடும் நேரத்தில் சோலைராஜ் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். "மாப்பிள்ளை பேசுனாராட்டி?"

"தெனமும் பேசுவாகண்ணே. அதுல ஒரு அதிசயம் கேளு. நான் மெஷின அமத்திட்டு அடுப்படிக்குப் போன ஒடனே கரெக்டா போன் வரும். முன்னப் பின்ன வராது. அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு அவியளுக்கு எப்படித்தான் தெரியுதோ."

"வீடியோவுலயா?"

"இல்ல. மலைக்காடாம், டவரு கெடைக்கல. மெதுவாத்தான் பேசுவாக, பக்கத்துல ஆபீசர் இருப்பாராம்."

சோலைராஜ் பெட்டிகளைத் தூக்கி வேனில் அடுக்கினான். "நானே வீட்ல வந்து எறக்கி மாட்டித் தாரேன்," என்றான். டூட்டி இல்லையா என்று அவள் கேட்டதற்கு, "இதுவும் டூட்டிதான்," என்றான். தங்கை மேல் பாசம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

*

ஆவுடையப்பன் தறிக்கூடத்துக்குப் போயிருந்தார். மாரியாத்தாள் வாசலிலேயே வழிமறித்தாள். பெட்டிகளைப் பார்த்த முகம் சட்டென்று வெளிறியது.

"மாமா வரட்டும் ஜோதி. வந்த பொறவு எறக்கிக்கிடலாம்."

"ரெண்டு மணிக்கு டெஸ்ட் அத்தை. அவிய வைய வேண்டியத அதுக்குப் பொறவு வையட்டும்."

"அந்தப் பழசு நல்லாத்தான ஓடுது? எனக்கு அது சத்தம் பழகிப்போச்சு. அது இல்லைன்னா தூக்கமே வராது."

"மத்தியானம் தூங்காதீக."

சோலைராஜ் மேசையில் மூன்று திரையையும் நிறுத்தி வயர்களைச் செருகினான். இடையிடையே தண்ணீர் குடிக்கப் போனான், கை கழுவப் போனான், பின்கட்டுக்குப் போனான். ஒரு மனுஷனுக்கு அத்தனை தாகம் வராது. நாகஜோதி கவனிக்கவில்லை. துணி அறையின் கதவை ஒட்டி மேஜர் மூக்கை நீட்டிப் படுத்திருந்தது.

"நாய் ஏன் இங்க கெடக்கு?" என்று கேட்டான் சோலைராஜ்.

"குளுச்சிய்யா," என்றாள் மாரியாத்தாள். "துணிக்கட்டு இருக்குல்ல, அதான் குளுகுளுன்னு இருக்கும்."

"இத்தன நாளா மாமரத்தடியிலல்ல கெடக்கும்?"

"இப்ப வெயிலு."

சோலைராஜ் தலையாட்டினான். பிளக் பாயிண்ட் போதவில்லை, நீள வயர் வாங்கி வருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனான்.

நாகஜோதி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

மூன்று திரையும் வெளுத்தன. உறுமல் வரவில்லை. அவள் தோள் தன்னிச்சையாக இறுகி, இரைச்சலுக்குக் காத்திருந்து, பிறகு தளர்ந்தது. எத்தனையோ மாதமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள், அந்த அறையின் சத்தம் அவளுக்குத் தெரியாது. இப்போது கேட்டது. சுவர்க் கடிகாரம். தெருவில் ஐஸ் வண்டி. தூரத்தில் ஒரு தறி. பல்லி ஒன்று உத்தரத்தில் நகர்ந்தது.

போன் அடித்தது. அவர்தான், அவள் வீட்டுக்காரர்.

"சாப்பிட்டியா ஜோதி?"

"இனிமேத்தான். நீங்க?"

"ஆச்சு. உங்கண்ணன் போயிட்டாகளா?"

"இப்பத்தான் போனாக," என்றவள் நின்றாள். அண்ணன் வந்ததை இவரிடம் எப்போது சொன்னோம்? காலையில் மெசேஜ் போட்டோமோ? போட்ட ஞாபகம் இல்லை.

சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அதில் ஒன்றும் அரைபடவில்லை. வெறும் ஜாரின் அலறல். "அத்தை, செத்த நேரம் நிப்பாட்டுங்க, போன் பேசுதேன்!" என்று கத்தினாள். நிற்கவில்லை. மோட்டார் சூடாகித் தானாக நின்றபோது, அவர் அந்த இரைச்சலுக்காகக் குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"...ஒடம்பப் பாத்துக்க."

அந்த வார்த்தை இரண்டு தடவை கேட்டது. போனில் ஒரு தடவை. அதற்கு ஒரு கண்ணிமைக்கும் நேரம் முன்னால், சுவரில் ஒரு தடவை.

லைனில் எதிரொலி என்று நினைத்தாள். போனில் எதிரொலி பின்னால் வரும், முன்னால் வராது என்பது போன் பேசியே பிழைக்கிறவளுக்குத் தெரியாதா?

துணி அறையை ஒட்டிய அந்தச் சுவரில் ஒரு காலத்தில் கதவு இருந்தது. பலகை அடித்து மூடி வெள்ளையடித்திருந்தார்கள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி எழுந்து, கடையில் பெட்டியின் மேல் வைத்தது போலவே அந்தப் பலகையின் மேல் காதை வைத்தாள். போனை மறுகையில் தூரமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க மழையா?" என்று கேட்டாள். வெளியே சித்திரை வெயில் முற்றத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"நல்ல மழை," என்றது பலகை. "நேத்துலேருந்து விடவே இல்ல."

நாகஜோதி போனை உள்ளங்கையால் பொத்தினாள். காலையில் எண்ணியது தப்பு. இந்த வீட்டில் இன்னும் ஒரு ஆள் இருந்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய மெஷின் உறுமினால் மருமகள் அறையில் இருக்கிறாள், வாயைத் திறக்கக் கூடாது. உறுமல் நின்றால் அடுப்படிக்குப் போய்விட்டாள், போன் போடலாம். அதுதான் அந்த அதிசயம். அண்ணனிடம் பெருமை பீற்றினாளே, அது. இன்றைக்கும் சத்தம் வரவில்லை, அதனால் அவள் இல்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் டிவிஎஸ் வண்டி நின்றது. ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். மூன்று திரையைப் பார்த்தார். சுவரோடு சுவராக நின்ற மருமகளைப் பார்த்தார். தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏத்தா நாகஜோதி! நீ ரூமுக்குள்ளயா இருக்க!"

சுவரும் போனும் ஒரே நொடியில் ஊமையாயின.

*

"சாவிய எடுங்க," என்றாள் நாகஜோதி.

"என்ன சாவி?"

"அத்தை, முந்தானையில முடிஞ்சிருக்கீகள்ல, அதத் தாங்க."

மாரியாத்தாள் புருஷனைப் பார்த்தாள். ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். பட்டாளத்தில் எத்தனையோ பேரை நெஞ்சை நிமிர்த்தி நிற்கச் சொன்னவர். இப்போது அவர் நெஞ்சு உள்ளே போயிருந்தது. நாகஜோதி மாமியாரின் முந்தானையைப் பிடித்து முடிச்சைத் தானே அவிழ்த்தாள். மருமகள் செய்கிற காரியம் இல்லை. செய்தாள்.

கதவு திறந்ததும் மேஜர்தான் முதலில் உள்ளே ஓடியது. துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு பாய். அவள் ரயிலில் ஏற்றிவிட்ட கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயிண்டில் அவன் பெயர். சக சிப்பாய்களுக்கு என்று அவள் கட்டிக் கொடுத்த பால்கோவாவின் அட்டைப்பெட்டி, காலியாக. அதற்குப் பக்கத்தில் கௌதம்ராஜ். தாடி வளர்ந்திருந்தது. கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதில் அவள் பெயர்.

"அஸ்ஸாம் இம்புட்டுப் பக்கம்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள்.

"ஜோதி..."

"எங்க எறங்குனீக?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

அடுத்த ஸ்டேஷன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு வந்து ஆட்டோ பிடித்து வீடு சேருவதற்குள் அவன் இறங்கிவிட்டிருக்கிறான்.

"செண்பகத்தோப்புல ஒருத்தர் மாந்தோப்புல கெடந்தேன். நீ உங்கம்மா வீட்டுக்குப் போன அன்னைக்கு அப்பா கூட்டியாந்தாரு. என்னால திரும்பிப் போக முடியல ஜோதி. அங்க..."

"அவங்கிட்ட கேக்காத," என்று குறுக்கே வந்தார் ஆவுடையப்பன். "எங்கிட்டக் கேளு. நாந்தான் ஒளிச்சு வச்சேன். எங்க அப்பன் பட்டாளம், நான் பட்டாளம். எம்மவன் ஓடியாந்துட்டான்னு இந்தத் தெருவுல நான் எப்படி நடக்க? உங்கண்ணன் போலீசு. பட்டாளத்துலருந்து தேடுனா மொத காயிதம் அவன் ஸ்டேசனுக்குத்தான் வரும். உனக்குத் தெரிஞ்சா நீ அவங்கிட்ட பொய் சொல்லணும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்னுதான்..."

"நான் இந்த வீட்டு மருமகளா, போலீஸ்காரன் தங்கச்சியா மாமா?"

அந்தக் கேள்விக்கு அவர் ஏற்கெனவே பதில் வைத்திருந்தார். அதனால்தான் கதவு பூட்டியிருந்தது.

"அழுதேனே," என்றாள் கௌதம்ராஜிடம். "ராத்திரி ராத்திரி அந்த ரூம்ல உக்காந்து தனியா அழுதேனே. அது கேட்டுச்சா?"

அவன் தலை குனிந்தான். கேட்டிருக்கிறது. மெஷின் அணைந்த பிறகுதானே அழுவாள்.

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. மாரியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாக நாகஜோதி பார்த்தாள். சோலைராஜ் இறங்கினான். கையில் சுருட்டிய வயர். கூடவே, காலையில் இல்லாத போலீஸ் தொப்பி. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் துருத்திக்கொண்டு நின்றது. கடையில் அவன் கேட்ட கேள்வியும், அந்தத் தாகமும், நாயைப் பற்றிய விசாரணையும் இப்போது அவளுக்கு வரிசையாக வந்தன. அண்ணன் கம்ப்யூட்டர் மாட்ட வரவில்லை.

புருஷன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அவளிடம் உண்மையைச் சொன்னது மேசையில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான். அதுவும் வாயைத் திறக்காமல்.

"ஜோதி!" சோலைராஜ் கேட்டைத் திறந்தான். "வயரு வாங்கியாந்துட்டேன். என்ன, மாப்பிள்ளை போன் வந்துச்சா?"

பின்னறையில் டிங் என்று ஒரு சத்தம். திரையில் பொன்மணியின் செய்தி வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் லைனில் வருகிறாள்.

ஆவுடையப்பன் கைநீட்டினார். "சாவியக் கொடு தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

நாகஜோதி கொடுக்கவில்லை. மேஜரைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். எழுந்து வந்த கௌதம்ராஜின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, திரும்ப உள்ளே தள்ளினாள்.

"ஜோதி, நான் சொல்லுதத மட்டும் கேளு..."

"ரெண்டு மணிக்கு எனக்கு டெஸ்ட். அது முடியட்டும். பொறவு நீங்க சொல்லுங்க, மாமா சொல்லட்டும், எங்கண்ணன் சொல்லட்டும். வரிசையா உக்காந்து கேக்கேன். யார யாருட்ட ஒப்படைக்கணும்னு அப்ப நான் சொல்லுதேன். அது வரைக்கும் இந்த வீட்ல ஒரு சத்தம் வரக் கூடாது. ஒருத்தரும் இருமக்கூடக் கூடாது."

கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டை மாட்டி அமுக்கினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். விழுந்திருந்தது.